இல்லாத புளியமரம்

கிரேன் ஓட்டுகிறவனுக்கு
ரேஸ் விளையாட்டு எதற்கு என்று
தருமபுரி நாலு ரோட்டில் கேட்காதவர் இல்லை.

கவிழ்ந்ததைத் தூக்குவது என் வேலை.
தொப்பூர் கணவாயில் மழை மாதம் என்றால் ஏழெட்டு லாரி.
மீதி நேரம் திம்மராஜ் கடை மாடியில்,
பழைய மாருதி சீட்டைப் பலகையில் முடுக்கிய இருக்கையில்,
மணிக்கு ஐம்பது ரூபாய்.

அவனிடம் இரண்டு பட்டியல்.
ஒன்றில், மனதால் போட்ட பாதைகள்:
எரிமலை வாய்க்குள் இறங்கி
பனி மாளிகைக் கூரையில் ஏறும் ரோடு.
விழுந்தால் மூன்று நொடி.
திரும்ப நடுரோட்டில் நிற்போம்,
கண்ணாடியில் கீறல்கூட இருக்காது.
மற்றதில், அளந்து எடுத்தவை.
பாஸ்போர்ட் இல்லாத எனக்கு
பெல்ஜியத்துக் காட்டில் எந்த வளைவு
ஈரம் காயாது என்று தெரியும்.
பென்னாகரத்துக்குக் கடைசி பஸ் எப்போது என்று தெரியாது.

எனக்கு முதல் பட்டியல்தான்.
அங்கே விழுகிறவனுக்கு ஊர் இல்லை,
போன் போட்டுச் சொல்ல வீடு இல்லை.
திம்மராஜ் ஒத்துக்கொள்ள மாட்டான்.
"இல்லாத ரோட்டுல ஜெயிக்கறது
கனவுல தோசை தின்ன மாதிரி."

ஒரு ஆடி மாதம் முழுக்க
அவன் தொப்பூரைச் செய்தான்.
கட்டமேடு தொடங்கி இரட்டைப் பாலம் வரை
நான் சொல்லச் சொல்ல:
சுவரில் எங்கே புதுச் சுண்ணாம்பு,
எங்கே தார் கண்ணாடித்தூளில் மினுக்கும்,
டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறவனுக்கு
எந்த இடத்தில் பிரேக் புகையும்.
சரிவு சரியா என்று பார்க்க
தண்ணீர் பாட்டிலை டேஷ்போர்டில் படுக்கவைத்து
இரண்டு பேரும் கிரேனில் இறங்கினோம்.

பெரிய திருப்பத்துக்கு முன்னால்
பிரேக் பிடிக்க அடையாளம் ஏதும் இல்லையே என்று
ஒரு புளியமரம் வைத்தான்.
அது மட்டும் கற்பனை.
நல்ல மரம். சாயங்காலம் நிழல் ரோட்டைத் தாண்டும்.

ஓசூர் கம்பெனியில் வேலை செய்யும் பிகாஷ்,
அசாம்காரன், சனிக்கிழமை வந்து ஓட்டிப் பார்த்தான்.
"ரோடு நம்பற மாதிரி இல்ல அண்ணா.
இவ்ளோ சரிவுக்குக் கீழ யாராவது திருப்பம் வைப்பாங்களா?
மரம் மட்டும் நிஜமா இருக்கு."
திம்மராஜ் எழுந்து போய் ஃபேனைக் கூட்டினான்.

நான் இரண்டு நிமிடம் பதினொரு நொடியில் இறங்கினேன்.
மரம் வரை முழு மிதி.
மரம் வந்தால் பிரேக்.
நானூறு தடவை இருக்கும்.

ஐப்பசியில், ராத்திரி இரண்டரைக்குப் போன்.
ராயக்கோட்டைத் தக்காளி லாரி, பாலத்துக்குக் கிட்டே.
தூறல். வைப்பர் ஒன்றுதான் ஓடுகிறது.
கிரேனில் இறங்கிக்கொண்டிருக்கிறேன்,
கொஞ்சம் வேகம்தான்,
மரம் வரட்டும் என்று இருக்கிறேன்.

மரம் வரவில்லை.
திருப்பம் வந்தது.

கொக்கி ஆடி முன்கண்ணாடியில் மோதியது.
டயர் கத்தியது எனக்கே கேட்டது.
புதுச் சுண்ணாம்புக்கு ஒரு முழம் முன்னால்
வண்டி நின்றது.
மூன்று நொடி எண்ணிப் பார்த்தேன்.
எதுவும் திரும்ப ஆரம்பிக்கவில்லை.

கீழே, உடைந்த கிரேட்டுகள் நடுவே
தலையில் துண்டோடு உட்கார்ந்திருந்தார்
டிரைவர் மாரப்பன்.
"உங்களுக்கும் பிரேக் பிடிக்கலையா?"
மரம், என்றேன்.
என் கை போன பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தார்.
கல்லும் தடுப்புக் கம்பியும்தான்.
"எந்த மரம்?"

லாரியைத் தூக்கி நிறுத்த விடிந்துவிட்டது.
நசுங்காததில் ஒரு பை கொடுத்தார்.

மாடியில் உப்புத் தொட்டுத் தின்றபடி
மரத்தை எடுத்துவிடச் சொன்னேன்.
அவன் எடுத்தான், உடனே, எதுவும் கேட்காமல்.
எடுத்த பிறகு பெட்டி வேறொன்று கேட்டது:
நிஜமா, கற்பனையா?
ஏதாவது ஒன்றைத் தொடாவிட்டால் சேவ் ஆகாது.

மவுஸைப் பிடித்தபடி என்னைப் பார்த்தான்.
நான் இன்னொரு தக்காளி எடுத்தேன்.
மரம் இருந்த இடத்தில்,
திரையில், வெயில் அடித்துக்கொண்டிருந்தது.
என் வலது கால்
தரையை அழுத்திக்கொண்டிருந்தது.